சகலையின் வண்டிக்குப் பின்னால்

சோப்புக் கம்பெனியிலிருந்து அந்தச் செய்தி போனில் வந்தபோது எங்கள் முதலாளி நின்றுகொண்டிருந்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார். "அடுத்த மாதத்திலிருந்து லேபிள்களை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம். இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி" என்று இரண்டே வரி. வேறு இடம் எது என்று அவர்கள் எழுதவில்லை.

"அவன்தான்," என்றார்.

அவன் என்றால் அவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். மாமனார் வீட்டில் எங்கள் முதலாளிக்குப் பெரியவர் என்று பெயர், சகலைக்குச் சின்னவர் என்று பெயர். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் பெரியவரின் லேபிள் அச்சகத்தில் பதினோரு வருஷம் டிசைன் பார்த்தவள். பாட்டில், டப்பா, ட்யூப் என்று எதன் மேல் எது ஒட்டப்படுகிறதோ அதை வரைவது என் வேலை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அவர் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும். அந்த வருஷம் நிறையவே கேட்டது. தரை துடைக்கும் திரவம் செய்கிறவர்கள் முதலில் போனார்கள், பிறகு பிஸ்கட்காரர்கள், இப்போது சோப்பு. மூன்றும் சின்னவரிடம்.

பெரியவரின் தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆறு கலர் இயந்திரம். தரையில் ஒரு துண்டுக் காகிதம் கிடக்காது. வாடிக்கையாளர் எங்கள் இணையதளத்தில் அளவு, கலர், எண்ணிக்கை மூன்றையும் நிரப்பினால் போதும். மூன்றாம் நாள் சரக்கு அவர் வாசலில் இறங்கும். நான் இருந்த காலத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் ஆனதில்லை. "என் மூஞ்சியப் பாக்காமலே வேலை முடியணும். அதுக்குப் பேர்தான் சர்வீஸ்," என்பார்.

அதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. புது ஆள் முன்னால் நின்றால் அவருக்கு முதல் சொல் வராது. வணக்கம் சொல்லப் போனால் 'வ' என்ற எழுத்திலேயே நின்றுவிடுவார். கழுத்து நரம்பு புடைக்கும், காது சிவக்கும். அந்த ஒரு சொல் தாண்டிவிட்டால் அப்புறம் தடையில்லை. பழகிய எங்களிடம் கொட்டித் தீர்ப்பார்.

சின்னவர் நேர் எதிர். டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட்டில், யாரோ தள்ளிவிட்ட பழைய நாலு கலர் இயந்திரத்தை வைத்துத் தொழில் தொடங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. தொடங்கும்போது பெரியவரிடம் யோசனை கேட்டிருக்கிறார். "இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்து வராது தம்பி," என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் பெரியவர். சின்னவருக்கு எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு வரி எழுத வராது. சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

பொறாமை தொழிலில் தொடங்கியது அல்ல. மாமனார் வீட்டுக்குப் பெரியவர் போனால், "உக்காருங்க மாப்பிள்ளை" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். சின்னவருக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை. அவர் நேரே சமையலறைக்குள் போய்த் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, மாமியாரிடம் வம்பளக்கத் தொடங்கிவிடுவார். துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, சமையலறையிலிருந்து வரும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பதினாறு வருஷமாகப் பெரியவருக்கு வாய்த்த மாமனார் வீட்டு உபசாரம். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "இதெல்லாம் ஒரு விஷயமான்னு கேப்பே," என்றார். நான் கேட்கவில்லை. என் தங்கை என்னைவிட நன்றாக வரைவாள். எனக்கும் இந்த வயிற்றெரிச்சல் பழக்கம்தான்.

சின்னவர் விலையைக் குறைத்துப் பிடித்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். விசாரித்தால் அவர் விலை எங்களுடையதைவிட அதிகம். பெரியவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"ஏதோ தள்ளுறான்மா. கண்டிப்பா உள்ளுக்குள்ள யாருக்கோ கவர் குடுக்கிறான். இல்லன்னா இது எப்படி நடக்கும்?"

"தெரியலையே சார்."

"தெரிஞ்சுக்கணும்," என்றார்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நானும் அவரும் சின்னவரின் வண்டிக்குப் பின்னால் போனோம். அவருடைய கார் சின்னவருக்கு அடையாளம் தெரியும் என்பதால் என்னுடைய சின்னக் காரில். கலர் பார்த்துச் சரி சொல்லப் போவதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். டயர்க் கடை வாசலில் சின்னவர் ஹெல்மெட்டை மாட்டியபோது பெரியவர் இருக்கையில் சரிந்து, டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டார்.

"சார், இப்படிக் குனிஞ்சாதான் பாக்கிறவங்களுக்குச் சந்தேகம் வரும்."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டும்மா."

முதலில் சோப்புத் தொழிற்சாலை. வாயிற்காவலர் சின்னவரைப் பார்த்ததும் எழுந்து ஏதோ கேலி பேச, சின்னவர் அவர் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார். நாங்கள் எதிர்ப்புறம், ஒரு பூட்டிய கடையின் முன்னால் காத்திருந்தோம். பெரியவர் மடியில் நோட்டை வைத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று.

"என்னம்மா பண்றான் உள்ள? பிள்ளை பெத்துக்கிறானா?"

ஒரு மணி பத்து நிமிஷம் கழித்துச் சின்னவர் வெளியே வந்தார். கூடவே சரக்கு வாங்கும் அதிகாரியும் வந்தார். வண்டியைக் கிளப்பிய பிறகும் பேச்சு ஓயவில்லை. அதிகாரி நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு இன்னும் பத்து நிமிஷம் நின்றார்.

"வெயில்ல நிக்கிறாரும்மா அந்த ஆளு," என்றார் பெரியவர். "ஏழு வருஷம் அவருக்கு லேபிள் குடுத்தேன். என் போனை ஒரு தடவ எடுத்ததில்ல."

அங்கிருந்து சின்னவர் போன வழியைப் பார்த்தபோது எனக்கே பகீர் என்றது. பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் இருக்கிற ஒரே பெரிய கம்பெனி, இருமல் மருந்து தயாரிப்பவர்கள். எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர். சின்னவரின் வண்டி அவர்கள் வாசலுக்குள் நுழைந்தது.

பெரியவர் நான் காரை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன். வாசலில் காவலாளி, "யாரப் பாக்கணும்?" என்று கேட்டதும் பெரியவருக்குச் சொல் நின்றுவிட்டது. நான்தான் சொன்னேன், லேபிள் கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று. "லேபிள்காரரு இப்பத்தானே உள்ள போனாரு!" என்றான் அவன். பெரியவரின் காது ரத்தச் சிவப்பானது.

லேபிள் ஒட்டும் கூடத்தில் மருந்தின் தித்திப்பு வாசனை மூக்கை அடைத்தது. பாட்டில்கள் வரிசையாகப் பட்டையில் நகர்ந்துகொண்டிருந்தன. இயந்திரத்தின் அடியில் சின்னவர் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சூப்பர்வைசர் கையில் எங்கள் ரோல் ஒன்று இருந்தது. மூலையில் ஓர் அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இன்னொரு ரோலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பெரியவர் சின்னவரைப் பார்த்து வாயைத் திறந்தார். "எ... எ..."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர், "யாருங்க நீங்க?" என்று கேட்டார்.

நான்கு வருஷமாக மாதம் தவறாமல் எங்களிடம் லேபிள் வாங்கும் இடம் அது. பெரியவர் அப்படியே நின்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சின்னவர் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இவருதாங்க உங்களுக்கு லேபிள் குடுக்கிறவரு. எனக்கு அண்ணன் முறை, சகலை. வாங்கண்ணே."

"ஓ, நீங்கதானா அது!" என்றார் சூப்பர்வைசர். "நாங்க உங்கள ஒரு ஆளாவே நினைக்கலைங்க. கம்ப்யூட்டர்ல போடுவோம், சரக்கு வரும். அவ்வளவுதானே."

பெரியவருக்குச் சொல் வந்தது. "என் கஸ்டமர் எடத்துல உனக்கு என்ன வேலை?"

"ஆர்டர் கேக்கத்தாண்ணே வந்தேன். பொய் சொல்ல மாட்டேன்," என்றார் சின்னவர். "நாலு தடவ வந்தாச்சு. இன்னும் குடுக்கல. இன்னிக்கு, லேபிள் அடிக்கடி கிழியுதுன்னு சொன்னாங்க. ஏன்னு பாத்துட்டிருந்தேன்."

ஏன் என்பதை அந்தச் சூப்பர்வைசரே விளக்கினார். ரோலைப் பிரிக்கும்போது லேபிளின் எந்த ஓரம் முதலில் வருகிறது என்று ஒரு கணக்கு உண்டு. அவர்களுடைய இயந்திரத்துக்கு இடது ஓரம் முதலில் வரவேண்டும். நாங்கள் சுற்றி அனுப்பியதில் வலது ஓரம் முதலில் வந்தது. அதனால் நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு ரோலையும் நான்கு வருஷமாக அந்த மூலையில் இருந்த அம்மாள் கையால் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும்போது இழுபட்டதில்தான் கிழிசல்.

"ஒ... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் பெரியவர்.

"யாருகிட்டங்க சொல்றது? உங்க சைட்டுல மூணு கட்டம்தான் இருக்கு. புகார் எழுதுற அளவுக்குப் பெரிய விஷயமும் இல்ல. நீங்க இப்படித்தான் சுத்துவீங்க போலன்னு விட்டுட்டோம்."

திரும்பும் வழியில், பாலத்தின் மேல் நெரிசலில் வண்டி நின்றபோதுதான் பெரியவர் வாயைத் திறந்தார். "ஆர்டர் போனாக்கூடப் பரவாயில்லம்மா. நான் யாருன்னு கேட்டாங்க பாரு, அதுக்கு அவன் பதில் சொல்றான். என் கஸ்டமர்கிட்ட, என்னைப் பத்தி." கொஞ்ச நேரம் கழித்து, "அவன் நாக்கு மேலதான் எனக்குப் பொறாமை. வேற எதுவும் வேண்டாம். அந்த நாக்கு மட்டும் எனக்கு இருந்திருந்தா இந்த சைட்டு கீட்டு எதுவும் கட்டியிருக்க மாட்டேன்," என்றார். நான் ஹாரனை அடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்ததாக அவர் நினைக்கக் கூடாது.

அன்று மாலையே எங்கள் இயந்திர ஆபரேட்டரைக் கூப்பிட்டு, மருந்துக் கம்பெனி ரோல்களை மாற்றிச் சுற்றச் சொன்னார். கடைசி உருளையைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும். இரண்டு நிமிஷத்தில் முடிந்த வேலை. "இதுக்காம்மா நாலு வருஷம்?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார்.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு வேகம் பிடித்தது. சின்னவர் செய்வதையெல்லாம் தானும் செய்வது என்று முடிவெடுத்தார். எல்லா வாடிக்கையாளர்களின் பட்டியலையும் என்னைப் போடச் சொன்னார். பெயருக்கு எதிரே அவர்களைப் பற்றித் தெரிந்ததை எழுத வேண்டும்: பூனை வளர்க்கிறார், முழங்கால் வலி, மகன் வெளியூரில். அவர்களுக்குக் கொடுப்பதற்கு டைரியும் பேனாவும் வாங்கி அடுக்கினார். காரில் போகும்போது சின்னவரைப் போலச் சிரித்துப் பழகினார்.

"சார், வேண்டாம் சார். எனக்கே பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டேன்.

பசை தயாரிக்கும் கம்பெனிக்குப் போனோம். ஏழு நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். முதல் சொல்லோடு மல்லுக்கட்டியதில் மூன்று நிமிஷம் போயிற்று. பிறகு, "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டார். "எனக்குப் பையன் இல்லீங்களே," என்றார் அந்த மனிதர். பட்டியலில் ஒரு வரி தள்ளிப் படித்துவிட்டார் பெரியவர். டைரியைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தோம். அடுத்த இடத்தில், பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அது செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அவன் கேட்டா மட்டும் எப்படிம்மா பூனை உயிரோட இருக்கு?" என்று காரில் வந்து பொருமினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பட்டியலைக் கசக்கி, பின் இருக்கையில் எறிந்தார்.

மாற்றிச் சுற்றிய ரோல்களின் முதல் லோடு மருந்துக் கம்பெனிக்குப் போகும் நாள் வந்தது. அவர் யாரையும் கேட்காமல் லாரியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். டைரி எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் காரில் போன நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ரோல் நேராக இயந்திரத்தில் ஏறியது. கைப்பிடி சுற்றும் அம்மாள், அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் கைப்பிடி அக்கா, சும்மா நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு பெரியவரின் முன்னால் வந்து நின்றார்.

"நீங்கதான் அந்த ரோல்காரரா?"

பெரியவர் தலையாட்டினார்.

"நாலு வருஷத்துல உங்களத் திட்டாத நாள் ஒண்ணுகூட இல்ல. இந்தத் தோள்பட்டை இருக்கே, இதுக்கு நீங்கதான் வைத்தியம் பாக்கணும்."

எதிர்பாராமல் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரில் பழகிய சிரிப்பு இல்லை; மூக்கால் வரும் அவருடைய சொந்தச் சிரிப்பு. "ம... மன்னிச்சிருங்கக்கா," என்றார். அதற்கு அக்கா, "என்னை இனிமே மூடி சரி பாக்கிற எடத்துல போட்டுட்டாங்க. அங்க காத்தாடி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரியவர் போகவில்லை. இயந்திரத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் வெறுமனே பார்த்தார். அவருக்கு வாய்தான் தகராறு செய்யும், கண் செய்யாது. ஆபரேட்டர் ஒவ்வொரு தட்டுப் பாட்டிலையும் எடுத்து ஓரமாக வைத்து, கொஞ்ச நேரம் கழித்தே பெட்டியில் அடுக்குவதைக் கவனித்தார். தேதி முத்திரையின் மை காயக் காத்திருந்தார்கள். அவசரப்பட்டால் மை கலைந்துவிடும். பெரியவர் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாங்கள் லேபிள் முழுவதும் பூசும் பளபளப்பு, தேதி விழும் கட்டத்தின் மேலும் இருந்தது. வழவழப்பில் மை எப்படி ஒட்டும்?

என்னைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தின் மேல் நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். நான் டிசைனில் அந்த இடத்தைப் பூச்சு இல்லாமல் விட்டேன். அடுத்த லோடில் மை உடனே காய்ந்தது. "இதை நாங்க கேக்கவே இல்லையே," என்றார் சூப்பர்வைசர்.

அதிலிருந்து புதன்கிழமைதோறும் பெரியவர் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குப் போய் நின்றார். குடும்ப விசாரிப்பு எதுவும் கிடையாது. லேபிள் ஒட்டுகிற இடத்தில் போய் நிற்பார், பார்ப்பார், ஆபரேட்டர் சொல்வதைக் கேட்பார். அவரைப் பேசாத லேபிள்காரர் என்றார்கள். மூன்றாவது தடவை போனபோது மருந்துக் கம்பெனி சூப்பர்வைசர், அவருடைய முதல் சொல்லுக்காகக் காத்திருக்கப் பழகியிருந்தார். பொறுமையாகக் காத்திருப்பதாக அவர் காட்டிக்கொள்வதுகூட இல்லை. அந்த நேரத்தில் அவர் பாட்டுக்குப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருப்பார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சோப்புக் கம்பெனி திரும்பி வரவேயில்லை. மருந்துக் கம்பெனி மேலிடத்தில், லேபிளுக்கு இரண்டு ஆட்கள் இருப்பது நல்லது என்று முடிவு செய்து, மூன்றில் ஒரு பங்கைச் சின்னவருக்குக் கொடுத்தார்கள். செய்தி வந்த அன்று பெரியவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கால்குலேட்டரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "அஞ்சு தடவ போய் சிரிச்சிருக்கான். மூணுல ஒண்ணு," என்று கரித்துக்கொட்டினார். அவர் மனைவி போன் செய்து தங்கை வீட்டுக்காரருக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னபோது, "நெட்வொர்க் சரியில்ல," என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகு இருவரும் அந்தக் கூடத்தில் அவ்வப்போது எதிர்ப்பட்டார்கள். "வாங்கண்ணே," "ம்," அவ்வளவுதான். ஒருவருடைய ரோல் ஓடும்போது மற்றவர் ஓரக்கண்ணால் பார்ப்பார்.

அப்படி ஒரு புதன்கிழமை, பெரியவர் ஆபரேட்டரோடு இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தார். நான் வெளியே காரின் பக்கத்தில் நின்றேன். சின்னவர் வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் உள்ள என்னதான் பண்றாரு?"

"நிப்பாருங்க. பாப்பாரு."

"நானும் அஞ்சு வருஷமா எல்லாரையும் சிரிக்க வெச்சுப் பாக்கிறேன். டீ குடிக்கக் கூப்பிடுறாங்க, வீட்டுக் கதை சொல்றாங்க, எல்லாம் சரி. மெஷின்ல ஒண்ணுன்னா மட்டும், 'இருங்க, அவரு புதன்கிழமை வருவாரு, அவருகிட்ட கேட்டுக்கிறோம்'ங்கிறாங்க. என் ரோல் ஓடும்போதே அப்படிச் சொல்றாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாரு மனுஷன், எப்படிங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் வந்து காரில் உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பாலம் தாண்டிய பிறகு மெதுவாக, "அவன் எப்படிச் சொன்னான்? அப்படியே சொல்லு," என்றார்.

அப்படியே சொன்னேன்.

"மனுஷன்னா சொன்னான்?"

"ஆமா சார்."

"சொல்லும்போது அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"சுண்டிப்போய் இருந்துச்சு சார்."

பெரியவர் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அச்சகத்து வாசலில் காரை நிறுத்துவதற்குள் நான் அதை இன்னும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.